தெற்கு வாசலில் ஒரு ஜோடி செருப்பு

“காணாமப் போனது சாமானா, ஆளா?” என்று போனில் கேட்டார் முரளிதரன்.

“ஆளு, அண்ணே,” என்றாள் ரேவதி. “கப்பல்ல வந்த அம்மா ஒருத்தர். ஷ்வேடகோன் பகோடா தெற்கு வாசலுக்கு உடனே வாங்க. இல்லாட்டி நானும் காணாமப் போயிருவேன்.”

சாமானாக இருந்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்திருப்பார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, முழங்கால் வேறு வலி. ரங்கூனில் துப்பறிகிறேன் என்று போர்டு மாட்டிக்கொண்டு ஒருவன் இருந்தால் உலகத்தில் உள்ள சங்கடமெல்லாம் அவன் மாடிப்படி ஏறித்தான் வரும். ஓடிப்போன புருஷன், ஒளிந்துகொண்ட பங்காளி, கல்யாணத்துக்கு முதல் நாள் மாயமான மாப்பிள்ளை, எத்தனை பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்! கண்டுபிடித்ததற்காக அவர்களில் ஒருத்தராவது சந்தோஷப்பட்டார்களா என்றால், ஊஹூம். போன மாதம் பிடிபட்டவன் அவர் சட்டைப் பையையே கிழித்துவிட்டான்.

“அந்தக் கிழிசலை இன்னும் தைக்கலையா, ஸயா?” என்றாள் மெஹ்ரீன், டாக்ஸியில் ஏறும்போது. சார் என்று சொல்லவேண்டிய இடத்தில் பர்மாவில் ஸயா என்பார்கள். மெஹ்ரீன் வாயில் அதுவும் கிண்டலாகத்தான் வரும். போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தவளை உதவிக்கு வைத்துக்கொண்டது அவர்தான், ஆகவே யாரிடமும் போய் முறையிடவும் முடியாது.

தெற்கு வாசலின் இரண்டு பெரிய சிங்கங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, கப்பல் பயணிகளின் ஏ.சி. பஸ் நின்றது. அதன் படியில் ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டூரிஸ்ட் கைடு. ஐந்து பாஷையில் சிரிக்கத் தெரிந்த பெண், இன்றைக்கு ஒரு பாஷையிலும் சிரிக்கவில்லை.

“மூணு மணிக்கு பஸ் கிளம்பணும் அண்ணே. தீலவா துறைமுகம் போய்ச் சேர்றதுக்கே நேரம் சரியா இருக்கும். சாயங்காலம் கப்பல் போயிரும். இவங்களுக்கு விசா கிடையாது, இறங்கி ஏற ஒரு நாள் சீட்டுதான். ஆள் குறைஞ்சா அந்தம்மா இமிக்ரேஷன்ல மாட்டுவாங்க, என் லைசென்ஸைப் பிடுங்கிருவாங்க. வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான், உங்களுக்கே தெரியும்.”

“அழாதே. கூட வந்தவங்க யாரு?”

“வீட்டுக்காரர். உள்ள இருக்காரு.”

பஸ்ஸின் முன் சீட்டில், நெற்றி நிறைய விபூதியுடன், மடியில் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் பெத்தபெருமாள் செட்டியார். காரைக்குடிக்காரர், எழுபதை நெருங்கும் வயது. டப்பாவிலிருந்து நெய் வாசனை வந்தது.

“தம்பி, நீங்கதான் துப்பறியறவுகளா? கொஞ்சம் தெம்பா இருப்பீகன்னு நெனச்சேன்,” என்றார்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன், ஐயா,” என்றார் முரளிதரன். “என்ன நடந்துச்சு, சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல! மேல போயி பத்து நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டேன். தொறந்தா ஆளைக் காணோம். பேரு உமையாள். தேவகோட்டையில பொறந்து, தேவகோட்டையில வளந்து, எனக்கு வாக்கப்பட்டு காரைக்குடிக்கு வந்தவ. எங்க ரெண்டு பேருக்கும் கடலைத் தாண்டுனதே இதுதான் முதல் தடவை. இந்த ஊர் பாஷை ஒரு எழுத்துத் தெரியாது. அவ போன் இங்க வேலையும் செய்யல. யாரோ கடத்திட்டாக தம்பி, எனக்கு நிச்சயமாத் தெரியுது!”

“படம் இருக்கா?”

செட்டியார் தன் போனை எடுத்தார். டப்பாவைத் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி போனை நீட்டினார். முரளிதரன் வாங்கிப் பார்த்தார். இன்றைக்குக் காலையில் எடுத்த படம். அரக்கு நிறப் பட்டுச் சேலை, வைரத்தோடு, யாரையும் அதட்டிப் பேசாத முகம்.

“டப்பாவுல என்னங்க ஐயா?” என்று கேட்டாள் மெஹ்ரீன்.

“சீப்புச் சீடை. அவ சுட்டது. அவ வந்துதான் தொறக்கணும்,” என்று செட்டியார் டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டார். மெஹ்ரீனின் முகம் வாடிப்போனது.

செருப்பு ஸ்டாண்டில் உமையாளின் செருப்பு அப்படியே இருந்தது. பழுப்புத் தோல், குதிகாலில் கொஞ்சம் தேய்மானம். பகோடாவுக்குள் வெறுங்காலோடுதான் போகவேண்டும், சாக்ஸ்கூடக் கூடாது. நாலு திசையிலும் நாலு வாசல், ஒவ்வொன்றுக்கும் நீளமான படிக்கட்டு. எந்த வாசலில் செருப்பை விட்டோமோ அந்த வாசலுக்கே திரும்பி வந்தாகவேண்டும். வந்திறங்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரேவதி சொல்லும் முதல் பாடமே இதுதான்.

“செருப்பு இங்க இருக்குன்னா ஆள் மேலதான் இருக்கணும்,” என்றார் முரளிதரன்.

“இல்லாட்டி வெறுங்காலோட கடத்தியிருக்கான். ரொம்ப பக்திமான் திருடன், ஸயா.”

முரளிதரன் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மெஹ்ரீனிடம் கொடுத்தார். லிஃப்டில் மேலே போனார்கள்.

மேலே பளிங்குத் தரை அடுப்பாகக் காய்ந்தது. தங்கக் கோபுரம் கண்ணைக் கூசவைத்தது. வடக்கே பெரிய மணிக்குப் பக்கத்தில் கேட்டார்கள், புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெண்களிடம் கேட்டார்கள், தரை பெருக்கும் தொண்டர்களிடம் படத்தைக் காட்டினார்கள். அரக்குச் சேலையா, பார்க்கலையே என்று எல்லாரும் அன்பாகச் சொன்னார்கள். அரைச் சுற்றிலேயே முரளிதரனின் பாதம் வெந்துவிட்டது. ஒரு மண்டபத்தின் நிழலைக் கண்டதும், இனி கப்பலே முழுகினாலும் சரி என்று தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் ஒரு பர்மியக் குடும்பம் கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அந்த வீட்டு மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். முரளிதரன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த கை பாதியில் நின்றது.

“மெஹ்ரீன். இவர் எனக்குத் தண்ணி எப்படிக் குடுத்தாரு?”

“கையாலதான். காலால குடுத்திருந்தா நானே சண்டைக்குப் போயிருப்பேன்.”

“வெளையாடாதே. எப்படின்னு செஞ்சு காட்டு.”

மெஹ்ரீன் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, வெறும் கையை நீட்டிக் காட்டினாள். “இப்படி. மரியாதையா. எல்லாரும் குடுக்கறது இப்படித்தானே?”

“இந்த ஊர்ல எல்லாரும். காரைக்குடியிலயுமா?”

மெஹ்ரீன் வாயைத் திறந்தாள். திறந்தது திறந்தபடியே இருந்தது. அவளைச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து அவள் பேச்சற்று நின்றதை முரளிதரன் பார்த்ததில்லை.

“செட்டியார் போனை நீட்டினாரே!” என்றாள் கடைசியில். “டப்பாவைத் தொடையில இடுக்கிக்கிட்டு இப்படியேதான் நீட்டினாரு! நம்ம ரெண்டு பேருக்குமே உறைக்கலையே, ஸயா.”

“தினம் பார்க்கறதுதானே, அதான் உறைக்கலை. ஒரு வெள்ளைக்காரன் அப்படிக் குடுத்திருந்தா அப்பவே முழிச்சிருப்போம். தமிழ் பேசற வாய், கூடவே இந்தக் கை. நம்ம ஆள்னு மனசு பாட்டுக்கு விட்டுருச்சு.” முரளிதரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோபம் வந்திருந்தது, கோபத்தில் கால்வலி கொஞ்சம் குறைந்தது. “முதல் தடவையா வர்றாராம்ல! பொய் சொல்றதுக்கு என்கிட்டத்தான் வரணுமா?”

பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாகக் கேட்டுவிட்டார். “ஐயா, நீங்க ரங்கூன்ல எத்தனை வருஷம் இருந்தீங்க?”

“நானா?” செட்டியார் திகைத்தார். “எங்க பெரியவுக காலத்துல இருந்தாக. நான் இன்னைக்குக் காலையிலதான் இறங்குனேன். என்ன தம்பி பேசுறீக?”

“அப்ப இந்த மாதிரிக் குடுக்க எங்க கத்துக்கிட்டீங்க?” என்று முழங்கையைப் பிடித்துக் காட்டினார் முரளிதரன்.

செட்டியார் தன் கைகளையே பார்த்தார். யாரோ அவர் வீட்டுப் பாத்திரத்தைத் தெருவில் வைத்து அடையாளம் கேட்டதுபோல் முழித்தார்.

“இதுவா? இது எங்க வீட்டுப் பழக்கம். நாப்பது வருஷத்துக்கு முன்னால உமையாள் கல்யாணமாகி வந்த புதுசுல அவ மட்டும்தான் இப்படிக் குடுப்பா. அழகா இருக்குன்னு எங்க ஆத்தா பிடிச்சுக்கிட்டாக. அப்புறம் நான், எம் பிள்ளைக, பேரன், பேத்தி, அம்புட்டுப் பேரும். பால்காரருக்குப் பாத்திரம் நீட்டுனாக்கூட இப்படித்தான். தேவகோட்டை வழக்கம்னுல்ல நெனச்சோம்!”

“என் மாமி தேவகோட்டைதான், ஐயா,” என்றாள் மெஹ்ரீன். “அவங்க தூக்கித்தான் போடுவாங்க. நாமதான் பிடிச்சுக்கணும்.”

யாரும் சிரிக்கவில்லை. செட்டியாரின் விரல் டப்பா மூடியின் விளிம்பையே சுற்றிச் சுற்றி வந்தது. முரளிதரனுக்கு வந்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போய், பழைய அசதி திரும்பி வந்து உட்கார்ந்தது. பொய் சொன்னவர் இவர் இல்லை. நாற்பது வருஷமாகப் பொய்க்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவர்.

“ரேவதி,” என்றார். “காலையில வர்ற வழியில அந்தம்மா என்னமாச்சும் கேட்டாங்களா?”

“ஒண்ணும் கேக்கலையே அண்ணே. ஆங், பசுந்தாங் பாலம் தாண்டும்போது சீட்டை விட்டு எழுந்து நின்னுட்டாங்க. விழுந்துருவீங்கம்மான்னேன். இங்க வண்டி நிக்குமான்னு கேட்டாங்க. நிக்காதும்மான்னேன். பேசாம உட்கார்ந்துட்டாங்க.”

“நானும் வர்றேன்,” என்று டப்பாவோடு எழுந்தார் செட்டியார். வேண்டாம் என்று சொல்ல முரளிதரனுக்குத் தெம்பு இல்லை. மூன்று மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூட பஸ்ஸை நிறுத்த முடியாது என்று ரேவதி கும்பிட்டுச் சொல்லி அனுப்பினாள்.

டாக்ஸி சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலில் நின்றது. அது மெஹ்ரீனின் யோசனை. “இந்த ஊர்ல பொறந்த பொம்பளை வெறுங்காலோட தெருவுல இறங்க மாட்டா, ஸயா. கிழக்குப் படிக்கட்டு முழுக்கக் கடைதான். செருப்பு வாங்காமலா போயிருப்பாங்க?”

மூன்றாவது கடையிலேயே கிடைத்தது. வெல்வெட் பட்டி வைத்த பர்மியச் செருப்பு விற்கும் அம்மாள் படத்தைப் பார்த்ததும் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவள் பர்மியப் பேச்சை மெஹ்ரீன் செட்டியாருக்குத் தமிழாக்கினாள்.

“வந்தாங்களாம். சிவப்பு வெல்வெட் செருப்பு ஒரு ஜோடி வாங்கினாங்களாம். பர்மாதான் பேசினாங்களாம், ஆனா...” மெஹ்ரீன் தயங்கினாள்.

“ஆனா என்ன? சொல்லும்மா.”

“சின்னப் பிள்ளை பேச்சாம். ஆளுக்கு வயசு அறுபது இருக்கும், பேச்சு ஏழு வயசுப் பிள்ளை பேச்சுன்னு சிரிக்கறாங்க. கொஞ்சுற வார்த்தை, குழந்தைங்க கெஞ்சற வார்த்தை, அவ்வளவுதான் தெரிஞ்சுதாம். இவங்களே டாக்ஸி பிடிச்சு ஏத்திவிட்டிருக்காங்க. பசுந்தாங் மார்க்கெட்டுக்குப் பின்னால, மரம் அறுக்கற பட்டறைச் சந்து.”

டாக்ஸி மறுபடி கிளம்பியது. பிறகு செட்டியாரே ஆரம்பித்தார். “ஏழு வயசுல இங்கேருந்து போனவதான் அப்படிப் பேசுவா. அப்படித்தானே, தம்பி?”

“அப்படித்தான் தோணுது.”

“நீங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னால நான் கண்டுபிடிச்சிருக்கணும்,” என்றார் செட்டியார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்து முழுக்க மரத்தூள். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி எழும்பிய அடுக்குமாடி வீடுகள், ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் கிளிப் கட்டிய கயிறு தெருவரை தொங்கியது. கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். முரளிதரன் ஒரு கயிற்றையும் இழுக்கவில்லை. மணி அடித்தால் ஒளிந்துகொள்வார்கள் என்று அனுபவத்தில் தெரியும். வெல்வெட் செருப்பைத் தேடி மெஹ்ரீனோடு ஒவ்வொரு கட்டிடமாகப் படியேறினார். மூன்றாவது கட்டிடத்தின் நாலாவது மாடியில், ஒரு கதவுக்கு வெளியே, புதுச் சிவப்பு மின்னியது. செட்டியாரால் அத்தனை படி ஏற முடியாது, கீழேயே நின்றுவிட்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பாயில் இரண்டு பெண்கள் கையோடு கை கோத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அரக்குப் பட்டு. இன்னொருத்தி கன்னத்தில் தனாக்காச் சந்தனம் பூசி, பூப்போட்ட லுங்கி கட்டிய பர்மியப் பெண். உடை மட்டும்தான் வேறே. மூக்கு ஒன்று, மோவாய் ஒன்று.

“என் தங்கச்சி,” என்றாள் உமையாள், யாரும் கேட்பதற்கு முன்னால். “தைலம்மாள். எங்கப்பா வச்ச பேரு.”

அவள் சொல்லச் சொல்ல முரளிதரன் வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்டார். அப்பாவுக்கு இங்கே கடை, ஒரு பர்மியப் பெண்ணோடு குடித்தனம். இந்தியர்களை ஊரைவிட்டுப் போ என்று பர்மா சர்க்கார் சொன்ன காலத்தில் ஏழு வயது மூத்தவளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். இளையவள் பால்குடி, தாயோடு நின்றுவிட்டாள். தாய் செத்துப்போனாள். பேத்தி சொல்லிக் கொடுத்த ஃபேஸ்புக்கில் தேடித் தேடி, போன வருஷம்தான் தங்கையைக் கண்டுபிடித்தாள் உமையாள். இந்தக் கப்பல் ரங்கூனில் நிற்கும் என்று தெரிந்ததும், இதில்தான் போகவேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்திருக்கிறாள்.

“பாத்துட்டு உடனே திரும்பிரலாம்னுதான் வந்தேன், ஸார். பாத்ததும் காலு எந்திரிக்க மாட்டேங்குது. இப்ப போயி அவுககிட்ட என்னன்னு சொல்லுவேன்? பர்மாக்காரிக்குப் பொறந்த பிள்ளையை எங்க ஆளுக கோயில் புள்ளிக் கணக்குல சேக்க மாட்டாக. அந்த வீட்டுல பொண்ணெடுக்க மாட்டாக. அப்பா ஊர்ல கட்டியிருந்த பெரியாத்தாவுக்குப் பொறந்தவன்னு சொல்லித்தான் என்னையக் கட்டிக் குடுத்தாக. நாப்பது வருஷம் ஏமாத்திட்டேன். நான் வரல. ஆள் கிடைக்கலன்னு சொல்லிருங்க.”

“மமா, போ,” என்றாள் தைலம்மாள் தட்டுத் தடுமாறிய தமிழில். மமா என்றால் அக்கா. “கப்பல் போவும். போலீஸ் வரும். போ, அக்கா.” சொல்லிக்கொண்டே பிடித்த கையை மட்டும் விடவில்லை.

முரளிதரனுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கேசிலும் வரும் இடம் இது. கண்டுபிடிக்கப்பட்டவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவார், இவர் கல்லு மாதிரி நிற்பார். இன்றைக்குக் கல்லாக நிற்கவும் அலுப்பாக இருந்தது. ரேவதியின் அழுத முகம் ஒரு பக்கம் இழுத்தது, கோத்திருந்த அந்த இரண்டு கைகள் இன்னொரு பக்கம்.

“ஆச்சி,” என்றார். “நான் உங்களை எப்படிக் கண்டுபிடிச்சேன் தெரியுமா? உங்க வீட்டுக்காரர் போனை நீட்டினாரு. இப்படி.”

முழங்கையைப் பிடித்துக் காட்டினார். உமையாள் அந்தக் கையையே பார்த்தாள். தைலம்மாளுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

“உங்க பிள்ளைங்களும் அப்படித்தான் குடுப்பாங்களாம். பேரனும் அப்படித்தானாம். உங்க மாமியாரும்கூட. நீங்க மறைச்சதை நாப்பது வருஷமா அவர் கையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு, ஆச்சி.”

உமையாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று சொல்லமுடியாத ஒரு சத்தம் வந்தது.

“என்னையப் பெத்த ஆத்தா அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தது, ஸார். எனக்குத் தெரியாமலே வந்துருது,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அவுக கோவமா இருக்காகளா?”

“கோவமான்னு தெரியலைம்மா,” என்றாள் மெஹ்ரீன். “டப்பாவை மட்டும் விடலை. கீழதான் நிக்கறாரு.”

நாலு மாடி இறங்கினார்கள். உமையாள் முன்னால், அவள் முந்தானை நுனியைப் பிடித்தபடி தைலம்மாள், பின்னால் ஒவ்வொரு படிக்கும் முனகிக்கொண்டு முரளிதரன். கடைசிப் படிக்குக் கீழே மரத்தூளில் செட்டியார் நின்றிருந்தார். மனைவியைப் பார்த்தார். பின்னால் நின்றவளைப் பார்த்தார். அந்த மூக்கைப் பார்த்தார், மோவாயைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். உமையாள் படியைவிட்டு இறங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முரளிதரன் இரண்டு படி வேகமாக இறங்கினார், ஏதாவது கைகலப்பென்றால் நடுவில் விழுவதற்குத் தயாராக.

“ஏ உமையா,” என்றார் செட்டியார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கொழுந்தியா வீட்டு வாசல்ல வெறுங்கையோட வந்து நிக்கிறேனே! ஒரு சீப்பு வாழைப்பழம் உண்டா, ஒரு முழம் பூ உண்டா? என்னைய என்னன்னு நெனைக்கும் அந்தப் பிள்ளை?”

அப்புறம்தான் கையிலிருந்த டப்பா அவர் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு முழுக்க யாருக்கும் ஒரு சீடைகூடக் கொடுக்காத டப்பாவை, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, தைலம்மாளிடம் நீட்டினார். தைலம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உமையாள் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். முரளிதரன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கண்ணைத் துடைப்பதை மெஹ்ரீன் பார்த்துவிட்டால் ஒரு மாசத்துக்குச் சொல்லிக் காட்டுவாள்.

ரேவதியின் போன் வந்தது. பஸ் கிளம்ப இன்னும் அரை மணி நேரம்தான். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். தைலம்மாள் அழுதபடியே நாலு மாடி ஓடிப்போய், அக்கா மறந்துவிட்டு வந்த வெல்வெட் செருப்பை எடுத்துவந்து அக்காவின் காலருகே வைத்தாள். உமையாள் அதைப் போட்டுக்கொண்டாள்.

“அப்ப இது?” என்று மெஹ்ரீன் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினாள். தெற்கு வாசலில் எடுத்த பழுப்புத் தோல் செருப்பு.

உமையாள் கை நீட்டினாள். செட்டியார் தடுத்தார்.

“அது இங்கேயே கிடக்கட்டும். மேல கொண்டுபோயி கொழுந்தியா வீட்டு வாசல்ல வச்சிரும்மா,” என்றார் மெஹ்ரீனிடம். “செருப்பை விட்ட வாசலுக்குத் திரும்பி வந்துதானே ஆகணும்? கைடு பொண்ணு காலையிலயே சொல்லுச்சு.”

மெஹ்ரீன் முரளிதரனைப் பார்த்தாள். இந்த ஒரு தடவை ஒரு கிண்டலும் செய்யாமல், பையை எடுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினாள்.